ஒரு முடி அளவு சத்தம்

அன்று கடையில் பாட்டு ஓட்டிக் காட்டுகிற அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பெரியவரின் தம்பி, கண் டாக்டர். இதற்கு மேல் ஒரு ஆள் கிடையாது. அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே நிற்பவருக்குக் கேட்காது. ஆகவே, நான் பார்த்தேன், நான் கேட்டேன் என்று வேறு யாராவது ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெரியவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் காதுக்காரர். ஆம்ப்ளிஃபயர் விற்கிறவர்கள் எத்தனையோ பேர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஓடுவது எந்த மெஷின் என்று சொல்கிறவர் அவர் ஒருவர்தான். ஒரு வீடு வாங்குகிற விலையைக் கொடுத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவன் விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று வாங்குகிறான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. பிறகு ஒரு நாள் தம்பி காரணம் சொல்லாமல் வெளியேறினார். போனவர் தூரமாகவாவது போனாரா? எதிர்ச்சாரியிலேயே கடை போட்டார். பலகையில் அதே குடும்பப் பெயர். சைக்கிள் விலைக்குக் கிடைக்கிற சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். அண்ணன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. தம்பி இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

போன வாரம் கண் டாக்டர் அந்த ரோட்டைக் குறுக்கே கடந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டர் ஏற்கெனவே பெரியவரிடம் ஒரு பெரிய மெஷின் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். இப்போது அதைவிடப் பெரியது, ஜோடியாக வேண்டும் என்று ஆசை. இடது பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. அதற்காக ஊர் மூலையில் கிடந்த ஒரு மனையை விற்கப் பேசியிருந்தார். அவர் மனைவி அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

"விக்காதீங்க டாக்டர்" என்றார் தம்பி. "திரை போட்டு மறைச்சுட்டா அதுக்கும் என் கடை டப்பாவுக்கும் யாராலயும் வித்தியாசம் சொல்ல முடியாது. எங்க அண்ணனாலும் முடியாது."

டாக்டர் வழியாக அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது கடைசி வார்த்தைதான். பெரியவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரச்சொல்லுங்க" என்றார்.

அப்படி வந்த நாள்தான் அது.

* * *

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை. சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்வாள். நாள் முழுக்க அதுதான். அதனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார்: இரண்டு மெஷினும் ஒரே அளவு சத்தத்தில் ஓட வேண்டும், அதை அவள்தான் மீட்டர் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு கடைக்காரர்களும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றில்தான். "அவ அளந்தா சரி" என்று எதிர்க்கடையிலிருந்தும் பதில் வந்தது. அதைக் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"ரெண்டையும் துல்லியமா ஒரே அளவுல வைக்கணும்னு இல்லையே?"

"அதுக்குத்தானே என்னையே கூப்பிட்டிருக்காங்க?"

"ஒரு முடி அளவு. பெரிசுல மட்டும் ஒரு முடி அளவு கூட வச்சுடு. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்கு வைக்கணும்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "சத்தம் கூடியிருக்குன்னு தெரியாது. நல்லா இருக்குன்னு மட்டும் தெரியும்."

அவள் கை நின்றது. அது அவள் படித்து வந்த விஷயம். ஒரே பாட்டு இரண்டு முறை ஓடுகிறது, இரண்டாவது முறை ஒரு துளி சத்தம் அதிகம் என்றால், சத்தம் கூடியது என்று காது சொல்லாது. தெளிவாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று சொல்லும். ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்கு அது தெரிவது நியாயம். இவனுக்கு எப்படித் தெரியும்?

"யார் சொன்னா உங்களுக்கு?"

"கடையிலதானே இருக்கேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்கா! தெரிஞ்சா என்னை வாசப்படி ஏற விடுவாரா?"

"என்னால முடியாதுங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"முடியாதுன்னா விடு. கெடுத்துடாதே, அது போதும். சித்தப்பா முன்னாடி அப்பா இன்னைக்குத் தலை குனிஞ்சார்னா, அப்புறம் நிமிரவே மாட்டார்."

அது பொய்யில்லை. அவளுக்கும் தெரியும்.

* * *

தம்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள்தான் அவருடைய ஆம்ப்ளிஃபயர். காய்கறி வாங்கி வந்தவர் மாதிரி மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் பெரியவரின் மெஷின், இரண்டு ஆள் தூக்கி வைத்தது, கறுப்பு இரும்பில் கோட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

கொழுந்தனாரைப் பார்த்து மாமியார் வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் தேநீர் வந்தது. கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சுவரோரம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, சர்க்கரை கொஞ்சம் கம்மி."

"ஆளே கம்மியாயிட்டீங்க, சர்க்கரை என்ன?"

டாக்டர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு ஒன்னுதான் தெரியணும்" என்றார் டாக்டர். "மனைக்கு ஆள் காத்திருக்கான். நாளைக்குக் கையெழுத்து. விக்கலாமா, வேண்டாமா?"

"இடது காதுக்கு ஒன்னு, வலது காதுக்கு ஒன்னு வாங்கப்போறீங்க" என்றார் தம்பி. "மூக்குக்கு இன்னும் கம்பெனிக்காரன் எதுவும் கண்டுபிடிக்கலையா?"

"அவரைக் கேலி பேசாம இருக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றார் பெரியவர், தம்பியைப் பார்க்காமல்.

"நான் கேலி பேசலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அந்த மெஷின் மட்டம்னு நான் எப்பவும் சொன்னதில்லை. நல்ல மெஷின். வீட்டு விலைக்கு இல்லைங்கிறேன், அவ்வளவுதான்."

டாக்டர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே அறையில் நாலடி தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்குத் தபால்காரர் ஆகிவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பந்தயம் அங்கேதான் கட்டினார்கள். பணம் எதுவும் இல்லை. பெரியவர் சரியாகச் சொல்லிவிட்டால், தம்பி தன் பலகையிலிருந்து குடும்பப் பெயரை எடுத்துவிட வேண்டும். சொல்ல முடியாவிட்டால், அந்தப் பெரிய மெஷின்களை இனிமேல் பெரியவர் விற்கக் கூடாது.

"சம்மதம்" என்றார் தம்பி.

"சம்மதம்னு சொல்லுங்க" என்றார் பெரியவர், டாக்டரிடம்.

மேஜைக்கு முன்னால் கனமான திரை தொங்கியது. மகன் திரைக்குப் பின்னால் போனான். சுவிட்சைத் திருப்புகிற வேலை அவனுக்கு. டாக்டர் திரையின் ஓரத்தில் நின்று, ஒரு விரல் காட்டினால் பெரியது, இரண்டு விரல் காட்டினால் சின்னது. ஸ்பீக்கர்கள் திரைக்கு வெளியே, இரண்டு மெஷினுக்கும் பொதுவானவை. பெரியவர் அவற்றின் எதிரே, தன் பழைய நாற்காலியில், முதுகு சாயாமல்.

மருமகள் மழை பெய்கிற மாதிரி சீரான ஓர் இரைச்சலை ஓடவிட்டாள். மீட்டரைப் பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பெரிய மெஷின், சின்ன மெஷின், மறுபடி பெரியது. திரைக்கும் நாற்காலிக்கும் மாறி மாறி நடந்து, குமிழ்களை மெல்லத் திருப்பி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை விடவில்லை. திரைக்குப் பின்னால் புருஷனின் மூச்சு அவள் தோளில் பட்டது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரியா இருக்கு மாமா" என்று வெளியே வந்து உட்கார்ந்தாள்.

* * *

பாட்டு ஒரு புல்லாங்குழலோடு ஆரம்பிக்கும். ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அதன்பிறகுதான் மற்ற வாத்தியங்கள் வரும்.

பெரியவர் கண்ணை மூடினார். கைகள் முழங்காலில். கேட்டார்.

"பெரிசு."

டாக்டர் தலையசைத்தார். சரி.

அடுத்தது. புல்லாங்குழல். பெரியவரின் புருவம் லேசாகச் சுருங்கியது. "இது அந்த டப்பா. காத்து இல்லை இதுல."

சரி.

அடுத்தது. "பெரிசு." யோசிக்கக்கூட இல்லை. சரி.

அடுத்ததும் சரி.

மாமியாரின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. தேநீர்க் கோப்பை அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

மருமகளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமாவின் காது அப்படிப்பட்டது, படித்த படிப்பு ஒரு பக்கம் கிடக்கட்டும் என்றுகூட நினைத்தாள். மடியில் மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்திருந்தாள். அணைக்கப் போனபோதுதான் பார்த்தாள்.

புல்லாங்குழலின் அந்த நீண்ட சுரம். பெரியது ஓடும்போது ஒரு எண். சின்னது ஓடும்போது அதற்குக் கொஞ்சம் கீழே. மறுபடி பெரியது. மறுபடி மேலே.

ஒரு முடி அளவு.

திரை அசையாமல் தொங்கியது. அதன் பின்னால் அவள் புருஷன்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாமா ஜெயிப்பார். எதிர்க்கடைப் பலகை இறங்கும். அத்தை இன்றைக்குச் சிரிப்பார். வீட்டுக்கு ஒரு குறையும் வராது. டாக்டர் நாளைக்குப் போய் மனையை விற்றுக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அவர் பணம், அவர் ஆசை.

ஆனால் "அவ அளந்தா சரி" என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அளந்தது அவள்தானே?

"மாமா, ஒரு நிமிஷம்."

பெரியவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

"ரெண்டும் ஒரே அளவுல இல்லை."

"நீதானே வச்சே?" என்றார் மாமியார்.

"நான் வச்சப்போ இருந்தது அத்தை. இப்ப இல்லை. பெரிசு கொஞ்சம் கூட இருக்கு."

பெரியவர் மெஷினுக்காகப் பேசினார்: "சூடேறினா கொஞ்சம் மாறுமோ என்னவோ." அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"அண்ணா" என்றார் தம்பி. இத்தனை வருடத்தில் நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. "குமிழ் தானா திரும்பாது அண்ணா."

பெரியவர் திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"வெளியே வாடா."

மகன் வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அதை இறக்கிவிட்டுக்கொண்டே நின்றான்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

மகன் சட்டைக் கையையே இழுத்துவிட்டான்.

"கேக்கிறேன்ல. இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவுமேப்பா."

மாமியார் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். டாக்டர் தன் காதையே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மகன் மெல்லச் சொன்னான். கடைக்கு வந்த புதிதில், ஒரு பெரிய மெஷினை முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோது அப்பா கேட்டுவிட்டு முகம் சுளித்தார். இவ்வளவு விலை போட்டிருக்கிறானே, ஒன்றும் விசேஷமாக இல்லையே என்றார். பதற்றத்தில் அவன் கை குமிழில் பட்டது. சத்தம் கொஞ்சம் ஏறியது. "உங்க முகம் அப்படியே மலர்ந்துச்சுப்பா. இதோ, இதுதான், கேளுடான்னு என் தோள்ல தட்டினீங்க. அதுவரைக்கும் நீங்க என்னைத் தட்டினதே இல்லை." அடுத்த முறையும் செய்தான். அதற்கப்புறம் செய்யாமல் இருக்க முடியவில்லை.

"என்னை வச்சு ஊர் காதுல பூ சுத்தியிருக்கே" என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. "என் காதுல சுத்தி, அப்புறம் ஊருக்கு."

தம்பி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப உனக்குத் தெரியாதா?"

"எது?"

"இவன் குமிழைத் திருப்புறதை நான் ஒரு நாள் பார்த்தேன் அண்ணா. நீ சொல்லித்தான் செய்யறான்னு நெனச்சேன். உன் மூஞ்சிக்கு நேரா கேக்க வாய் வரலை. கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? அதான் கேக்காமலே போயிட்டேன்."

பெரியவர் தம்பியை இப்போதுதான் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"என்னைப் பத்தி அப்படி நெனச்சியா?"

"நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமேடா!"

"ஏன்டா போறேன்னு நீயும் கேக்கலையே அண்ணா."

இரண்டு பேரும் மானஸ்தர்கள். ஆளுக்கு ஒரு கடையைத் திறந்துவைத்துக்கொண்டு நடுவில் ஒரு ரோட்டைக் காவல் காத்திருக்கிறார்கள்.

* * *

"சரிபண்ணும்மா" என்றார் பெரியவர். "மறுபடி போடு."

"வேண்டாங்க" என்றார் டாக்டர். "எனக்குப் போதும்."

"உங்களுக்குப் போதும். எனக்குத் தெரியணும்." திரையைக் காட்டினார். "நீ போடா பின்னாடி."

மகன் நகர்ந்தான்.

"உன்னைச் சொல்லலை. அவனைச் சொன்னேன்."

தம்பி திகைத்தார். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறவன் கையிலேயே சுவிட்சைக் கொடுக்கிறார் அண்ணன். தம்பி எழுந்து திரைக்குப் பின்னால் போனார்.

மருமகள் மழை இரைச்சலை ஓடவிட்டு மறுபடி அளந்தாள். பெரியவரையே மீட்டரைப் பார்க்கச் சொன்னாள். இரண்டும் ஒரே எண். பெரியவர் பார்த்து, தலையசைத்து, கண்ணை மூடினார்.

புல்லாங்குழல்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தது" என்றார்.

புல்லாங்குழல்.

"முன்னதை மறுபடி போடு."

போட்டார்கள். கழுத்து நரம்பு புடைக்கக் கேட்டார். நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். வாயைத் திறந்து மூடினார். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஒன்று சரியாகப் போகும், ஒன்று தப்பாகப் போகும், குத்துமதிப்பில் பாதி ஜெயித்துவிடலாம். கடைத்தெருவில் இருக்கிற வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"இன்னொரு தடவை."

மருமகளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடியிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். எண் அசையவில்லை.

பாட்டு நின்றது. பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"தெரியலை."

அந்த வார்த்தையை அந்த அறையில் அவர் அதற்கு முன் சொன்னதில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து தம்பி வரவே இல்லை. ஜெயித்தவர் மாதிரி வெளியே வர அவருக்குக் கால் வரவில்லை.

"நேரா கேக்கிறேன்" என்றார் டாக்டர். "அந்த விலை தகுமா, தகாதா?"

பெரியவர் எழுந்து போய் திரையை ஒதுக்கினார். கறுப்பு மெஷின்மேல் கையை வைத்தார். வளர்த்த மாட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது.

"நல்ல வேலைப்பாடு டாக்டர். திறந்து பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். உங்களுக்கு அப்புறமும் ஓடும். பெரிய கூடத்துல, இழுக்கக் கஷ்டமான ஸ்பீக்கரை வச்சா, இதோட பலம் தேவைப்படும். அதுக்கெல்லாம் ஒரு விலை கொடுக்கலாம். ஒரு வீட்டைக் கொடுக்க வேணாம். மனையை விக்காதீங்க."

"அப்ப என் வீட்டுல இருக்கிறது?"

"கொண்டாங்க. எடுத்துக்கிறேன்."

டாக்டர் அந்தக் கறுப்பு மெஷினைப் பார்த்தார். "அதுல பாட்டு கேட்டு நான் அழுதிருக்கேன் சார். அது பொய்யா?"

"அழுதது பாட்டுக்கு" என்றார் தம்பி, மெஷினுக்குப் பின்னாலிருந்து. "பாட்டு பொய்யில்லையே."

* * *

முதலில் சுதாரித்தது மாமியார்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போதும். நடந்தது நடந்துபோச்சு. வெளியே என்ன சொல்றதுங்கிறதுதான் இப்ப பேச்சு. வயசாச்சு, காது மந்தமாயிடுச்சு, அதனால வித்தியாசம் பிடிபடலைன்னு சொல்லிடுவோம். மெஷின் மேல பழி இல்லை. பிள்ளை மேல பழி இல்லை. வாங்கினவங்க நிம்மதியா இருப்பாங்க." மருமகள் பக்கம் திரும்பினார். "இவளுக்கு அதானே வேலை. இவ ஒரு வார்த்தை சொன்னா ஊர் நம்பும்."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட, அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதுதான் பயமாக இருந்தது.

"என் காது செத்துப்போச்சுன்னு சொல்லணுமா?" என்றார் பெரியவர்.

"குடும்பத்துக்காகத்தாங்க."

"குடும்பத்துக்காகத்தான் வேணாங்கிறேன். வாங்கினவங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிடணும். இதே நாற்காலியில உக்காரட்டும். இதே திரை. கேட்டுட்டு, வேணாம்னா மெஷினைத் திருப்பிக் கொடுக்கட்டும். திரைக்குப் பின்னாடி..." மகன் நின்ற இடத்தைப் பார்த்தார். "அவன்தான் உக்காரணும்."

மகன் அங்கே இல்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது. எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உன் புருஷன்டி அவன்" என்றார் மாமியார். அவ்வளவுதான் சொன்னார். மருமகள் தலையைக் குனியவில்லை. ஆனால் கண்ணீர் வந்துவிட்டது.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அண்ணா, பலகையை வேணும்னா எடுத்துடறேன்..."

"இருக்கட்டும். நம்ம பேர்தானே."

பிறகு பெரியவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மருமகளிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரி திறந்திருக்குமாம்மா?"

ஆஸ்பத்திரியில் அவரை அவள் சோதிக்கவில்லை. வீட்டுப் பெண் சோதித்தால் பேச்சு வரும் என்று, அவரே வேறு ஒருத்தியைச் செய்யச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மெல்லிய சத்தத்துக்கும் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் மாதிரி, தாமதிக்காமல். கண்ணாடிக்கு வெளியே மருமகள் எண்களைப் பார்த்தபடி நின்றாள். உச்சியில், கொசு ரீங்காரம் போன்ற சத்தங்கள் மட்டும் வயசுக்கேற்ற மாதிரி குறைந்திருந்தன. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"வித்தியாசம்னு ஒன்னு இருந்திருந்தா, எனக்குக் கேட்டிருக்குமா?" என்றார் வெளியே வந்து.

"கேட்டிருக்கும் மாமா."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். காது கெட்டிருந்தால் மெஷினைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற ஒரு ஆசை அவருக்கும் உள்ளூர இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. பீரோவுக்குள்ளிருந்து அடித்தது. மடித்துவைத்த சட்டைகளின் மேல், போனை விட்டுவிட்டுப் போயிருந்தான். பக்கத்தில் இருக்கவேண்டிய பிரயாணப் பை இல்லை. அவள் மாமாவிடம் சொல்லப் போனாள். கூடத்தில் அத்தை யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் வைத்துவிட்டார்.

மறுநாள் கடை திறப்பதற்குள் கடைத்தெரு முழுக்க ஒரு பேச்சு. காதுக்காரருக்குக் காது போய்விட்டதாம், பாவம், அதனால்தான் தம்பியிடம் தோற்றாராம். சொன்னவர்கள் அனுதாபத்தோடுதான் சொன்னார்கள். அது யார் வாயிலிருந்து புறப்பட்டது என்பது அந்த வீட்டுக்குள் விசாரிக்க வேண்டிய விஷயம். தெருவுக்கு அதில் வேலை இல்லை. தெரு தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்.

பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.